முட்டை அட்டையில் எட்டு டேப்பட்

சுப்பிரமணியின் டிராக்டரைக் கயிறு கட்டி அவலூர்பேட்டை ரோட்டில் இழுத்துக்கொண்டு வந்தபோது, நான் ஒரு லாரி டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தேன். வண்டியைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு இந்த ஆள் இங்கே வருகிறான்? டியூபை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றேன்.

என் பெயர் மண்ணாங்கட்டி. எனக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்காமல் போனதால், எமன்கூடத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அம்மா வைத்த பெயர். பஞ்சர் கடை போட்டு இருபது வருடம் ஆகிறது. பக்கத்துத் தகரக் கொட்டகை தசரதனுடையது. பழைய டிராக்டர் இன்ஜின் என்றால் திருவண்ணாமலையில் அவனைத்தான் சொல்வார்கள். கொட்டகைக்குப் பின்னாலேயே வீடு. அவன் பிரிப்பான், அவன் பெண்சாதி எல்லம்மாள் டீசலில் கழுவி, துடைத்து, வரிசையாக அடுக்குவாள். வாய்க்கும் கைக்கும் ஒரே வேகம் அவளுக்கு. மத்தியானம் எது ஆக்கினாலும் ஒரு கிண்ணம் என் கடைக்கு வந்துவிடும்.

"தசரதா, வண்டியப் பிரிச்சுப் பாருப்பா" என்றான் சுப்பிரமணி. ஒன்றுமே நடக்காத மாதிரி. "டவுன்ல ரெண்டு பேர்கிட்ட காட்னேன். இரும்பு வெலைக்குப் போட்டுடுன்றானுங்க. புது வண்டிய பையன் பாகம் பிரிச்சப்போ எடுத்துக்கினு பூட்டான். ஆடி பொறந்தா மணிலாக்கொட்டை வெதைக்கணும். இந்த இன்ஜின் சூட்சுமம் உனக்குத்தான் தெரியும்."

தசரதன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "மூணு வருசம் முன்ன நானே வந்து கேட்டேனே. பிரிச்சுப் பாக்கறேன், அப்புறம் பேசுங்கன்னு. அன்னிக்கு இன்னா சொன்னீங்க?"

"அது போவட்டும் வுடு."

"மாமனும் மச்சானும் சேந்து மறைப்பீங்கன்னு சொன்னீங்க."

உள்ளேயிருந்து எல்லம்மாள் வந்தாள். முந்தானையை இழுத்துச் சொருகியிருந்தாள். அவன் மேல் எதையாவது வீசப்போகிறாள் என்று நான் நினைத்தேன். வீசினால் ஒரு கை கொடுக்கலாம் என்றும் நினைத்தேன். அவள் டிராக்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வுட்டுட்டுப் போவ சொல்லுங்க" என்றாள். குரலில் சூடே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

நடந்தது இதுதான். எல்லம்மாளின் தம்பி புகழேந்தி பதினோரு வருடம் அந்த வண்டியை ஓட்டினான். கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் சுப்பிரமணியின் ஊர். புகழேந்தியும் அதே ஊர்தான். வண்டியை மாடு மாதிரி கழுவுவான். மூன்று வருடத்துக்கு முன்னால் கார்த்திகையில் தசரதன் அந்த இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்துக் கொடுத்தான். மாசி மாதமே டக் டக் என்று சத்தம், கருப்புப் புகை, இழுவை கம்மி. ஆயிலைக் கழற்றினால் இரும்புத் தூள். சுப்பிரமணி ஒரே முடிவுக்கு வந்துவிட்டான். தான் வாங்கிக் கொடுத்த புது ஆயிலைப் புகழேந்தி விற்றுவிட்டு, பழைய ஆயிலை ஊற்றி ஓட்டியிருக்கிறான் என்று.

அதையும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. காலையில் பால் சொசைட்டியில், ஊரே கேனை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போது சட்டையைப் பிடித்து இழுத்து வந்து, "ஆயில் திருடன்" என்றான். அந்தக் கருப்பு ஆயிலைப் புகழேந்தியின் தலையில் ஊற்றினான். வேட்டவலத்தில் நிச்சயம் செய்திருந்த பெண் வீட்டார் அந்த வாரமே தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். புகழேந்தி ஊரை விட்டான். இப்போது ரமணாசிரமம் பக்கம் ஒரு காபிக் கடையில் வெள்ளைக்காரர்களுக்குத் தட்டுக் கழுவுகிறான். அக்காள் வீடு மூன்று கிலோமீட்டர்தான். வந்ததில்லை.

ஆயில் ஊற்றிய அன்றைக்கே எல்லம்மாள் பஸ் ஏறிப் போய், சுப்பிரமணி வீட்டு வாசலில் நின்று, அவன் வாசல் மண்ணையே இரண்டு கையாலும் வாரித் தூற்றிவிட்டு வந்தாள். "என் தம்பிக்கு இந்தப் பழி வர எந்தக் கை காரணமோ, அந்தக் கை புழுத்துப் போவணும்!" நானும் கூடப் போயிருந்தேன். நல்லாக் கேட்டாள் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இப்போது அந்த வண்டி எங்கள் கொட்டகையில் நின்றது.

ஆனி மாதக் காற்று. மேற்கேயிருந்து புழுதியை வாரிக்கொண்டு வந்து கண்ணில் போடும். இன்ஜினைப் பிரித்தால் புழுதி படக்கூடாது என்று தசரதன் பழைய பேனர் துணியைச் சுற்றிலும் கட்டினான். மறுநாள் காலை இன்ஜினின் மேல்மூடி, அதாவது ஹெட்டைக் கழற்றினான். அடுத்த நாள் டைமிங் கவரைத் திறந்து கேம் ஷாஃப்டை உருவினான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கேம் ஷாஃப்ட் ஒரு நீளமான தண்டு. அதில் எட்டு மேடு. ஒவ்வொரு மேட்டின் மேலும் ஒரு டேப்பட் குந்தியிருக்கும், கட்டை விரல் அளவு இரும்புக் காளான் மாதிரி. மேடு சுற்றிவரும்போது டேப்பட்டைத் தூக்கும், டேப்பட் வால்வைத் திறக்கும். அவ்வளவுதான். இது சரியாகத் தூக்கினால்தான் இன்ஜின் மூச்சு விடும்.

டேப்பட் எட்டையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, எல்லம்மாள் வாங்கி முட்டை அட்டையில் வைத்தாள். முட்டைக் கடையில் வாங்கும் காகித அட்டைதான், எட்டுக் குழிக்கு வெட்டியது. முன் வரிசையில் நாலு குழி, பின் வரிசையில் நாலு குழி, ஒன்று முதல் எட்டு. எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அந்தக் குழி. தசரதன் கொட்டகையில் வேறு அடையாளம் கிடையாது. இரும்பில் குத்தினால் அதற்கு வலிக்கும் என்பான் பைத்தியக்காரன்.

"யோவ்" என்றாள் எல்லம்மாள். வேலை நேரத்தில் அவள் அவனை அப்படித்தான் கூப்பிடுவாள். "ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு."

"இன்னா?"

"இந்த இன்ஜின சாவடிக்கணும்னா இன்னா பண்ணணும்?"

தசரதன் நிமிர்ந்து பார்த்தான். நான் தொட்டியை விட்டு எழுந்து வந்து கொட்டகை வாசலில் நின்றுகொண்டேன். இந்தக் கேள்விக்காகத்தான் நான் இரண்டு நாளாகக் காத்திருந்தேன்.

"பைத்தியமா உனக்கு?"

"ஆமா, பைத்தியம்தான். வெதைக்க ஏரு கட்டி நடுக் கொல்லைல நிக்கறப்போ இது செத்துப் போவணும். மழை பெஞ்சு ஈரம் காயணும். ஊரே வெதைச்சு முடிச்சுட்டு இவன் கொல்லைய வேடிக்க பாக்கணும். என் தம்பி தலையில ஆயில் ஊத்தினானே, அதேமாரி இவன் தலையில கைய வச்சிக்கினு வரப்புல குந்தணும். யாரு பண்ணாங்கன்னும் தெரியக்கூடாது."

"செய்யி தசரதா" என்றேன் நான். "பாவம் புண்ணியம்லாம் அவன் பாத்தானா?"

"அண்ணே, நீ சும்மா கெட. இது என் கை. நான் ஒரு இன்ஜினுக்கும் அந்த மாரி பண்ணது கெடையாது."

"நீ பண்ணாதய்யா. சொல்லு, நான் பண்றேன்" என்றாள் அவள்.

தசரதனுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவன் கத்த மாட்டான், பாடம் நடத்துவான். கையில் கிடைத்த டேப்பட்டை எடுத்து அவள் மூஞ்சிக்கு நேராக நீட்டினான்.

"கேளு. ஒண்ணும் பெருசா வேணாம். சக்கரைய போட வேணாம், மண்ண போட வேணாம். பழைய டேப்பட்டு பழைய கேம்ல பல வருசம் ஓடியிருக்கும். இந்த மேட்டுக்கு ஏத்தாப்புல இதோட அடி தேஞ்சிருக்கும், இதுக்கு ஏத்தாப்புல அது தேஞ்சிருக்கும். ரெண்டும் பழகிக்கினு கெடக்கும். வேற ஒண்ணுமே வேணாம், இதத் தூக்கி வேற ஓட்டைல போடு. போதும். ஒண்ண ஒண்ணு தின்ன ஆரம்பிச்சுடும். அறுபது மணி நேரம் ஓடாது. டக் டக்னு சத்தம் வரும். பொகை வரும். ஆயில்ல இரும்புத் தூள் எறங்கும். போதுமா? தெரிஞ்சிக்கினியா?"

டக் டக், புகை, இரும்புத் தூள். அந்த மாசியில் இந்த வண்டிக்கு வந்த அதே மூன்றும்.

தசரதன் அந்த டேப்பட்டின் அடியில் இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான். நல்ல டேப்பட்டின் அடி நடுவில் மயிரிழை மேடாக இருக்கும், ஓரத்தில் வெளிச்சம் தெரியும். இதில் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. குழி விழுந்திருந்தது. அடுத்ததை வைத்தான். இன்னும் ஒன்று. கேம் ஷாஃப்டைத் திருப்பித் திருப்பிக் கட்டை விரலால் தடவினான். இரண்டாவது மேடும் ஐந்தாவது மேடும் மொட்டையாகப் போயிருந்தன. மற்ற ஆறும் கண்ணாடி மாதிரி மின்னின.

"ஆயில் கெட்டிருந்தா எட்டும் போயிருக்கும்" என்றான் தனக்குள்ளேயே. "பேரிங் போயிருக்கும். கிராங்க் போயிருக்கும். ரெண்டே ரெண்டு மட்டும் இன்னாத்துக்குப் போவுது?"

ஐந்தாம் குழியில் இருந்த டேப்பட்டை எடுத்துப் பக்கவாட்டில் பார்த்தான். மேலிருந்து கீழாக ஒரு கீறல். அவன் முகம் மாறியது. டேப்பட்டைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே போனான். அவனிடம் ஒரு பள்ளிக்கூட நோட்டு உண்டு. எந்த இன்ஜினைப் பிரித்தாலும் அதில் கண்டதை எழுதி வைப்பான். பக்கத்தைப் புரட்டி நின்றவன், வெளியே வரும்போது ஆள் பாதியாகியிருந்தான்.

"ரெண்டாவது ஓட்டைல ஒரு பிசிறு இருந்துது. அது டேப்பட்டக் கீறியிருந்துது. பிசிற எமரி பேப்பர் போட்டுத் தேச்சுட்டு அதே டேப்பட்டப் போட்டேன்னு எழுதி வச்சிருக்கேன். ரெண்டுல." அந்தக் கீறலைக் காட்டினான். "இது இன்னிக்கு அஞ்சுலேருந்து வந்துது."

பேனர் துணி காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது.

"நான்தான் மாத்திப் போட்டுட்டேன்" என்றான் தசரதன். "என் மச்சான் தலையில நான்தான்டி ஆயில் ஊத்தியிருக்கேன்." குந்திவிட்டான். க்ரீஸ் கையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பதினெட்டு வருடப் பழக்கத்தில் அவன் அழுது நான் பார்த்ததில்லை.

எல்லம்மாள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சாயங்காலம் ஞாபகம் வந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால், தீபத்தன்று. இதே இன்ஜின் பிரிந்து கிடந்தது. அவள் கழுவித் துடைத்த டேப்பட்டுகள் இதே மாதிரி முட்டை அட்டையில், பெஞ்சு விளிம்பில் இருந்தன. மணி ஆறு. ரோடு முழுக்க ஜனம் அண்ணாந்து நிற்கிறது. தசரதன் ரோட்டுக்கு ஓடிக் கையைக் கூப்பிக்கொண்டு நிற்கிறான். மலை உச்சியில் தீபம் ஏறியதும் "அரோகரா" என்று ஊரே கத்தியது. எல்லம்மாள் பதறி எழுந்தாள். முந்தானை அட்டையில் சிக்கியது. அட்டை கீழே.

நான் ஓடிவந்து குனிந்து பொறுக்கினேன். மூன்று டேப்பட் குழியிலேயே நின்றன. இன்னும் மூன்று, அட்டைக்குப் பக்கத்திலேயே கிடந்தன, அவற்றை அவள் பொறுக்கி அதனதன் குழியில் வைத்தாள். இரண்டு என் கடைப் பக்கம் உருண்டுவிட்டன. அந்த இரண்டையும் எடுத்து வந்தது நான்.

"எது எங்க இருந்துதுண்ணே?" என்று கேட்டாள்.

"எல்லாம் ஒரே மாரிதானே கீது. எங்க வச்சா இன்னா? வை, அவன் கத்தப் போறான். வா, தீபத்தப் பாரு."

காலியாக இருந்த இரண்டு குழியில் என் கையில் இருந்த இரண்டையும் நானே வைத்தேன். பிறகு போய்த் தீபம் பார்த்தோம். கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

இதையெல்லாம் அன்றைக்கு அங்கே, அழுதுகொண்டிருந்தவன் முன்னால், நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டியூப் காற்று இறங்குகிறது என்று சாக்குச் சொல்லிக்கொண்டு என் கடைக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் கிண்ணம் வரவில்லை. அவர்கள் வீட்டில் அடுப்பே எரியவில்லை. சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லம்மாள் பேசுவது கேட்டது. "நீ இல்லய்யா. என் கை. தீபத்தன்னிக்கு அட்ட வுழுந்துது. நான்தான் பொறுக்கி வச்சேன். நீ திட்டுவேன்னு சொல்லல." என் பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும், உள்ளதைச் சொன்னால், அப்பாடா என்றும் இருந்தது.

மறுநாள் சுப்பிரமணி வந்தான். தசரதன் வாயைத் திறக்குமுன் எல்லம்மாள் முட்டை அட்டையை அவன் முன்னால் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். கீறலைக் காட்டினாள், நோட்டைக் காட்டினாள், ஸ்கேல் வைத்து வெளிச்சத்தைக் காட்டினாள்.

சுப்பிரமணி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தான். "அடிப்பாவி! அக்கா பண்ண வேலைக்குத்தான் தம்பி அடி வாங்கினானா? என் வாசல்ல வந்து மண்ண வேற தூத்தினியே!"

"தூத்தினேன். எனக்கே தூத்திக்கினு கீறேன். அது எனக்கும் அண்ணாமலையாருக்கும். உனக்கு வரேன் இப்ப." எழுந்து நின்றாள். "இன்ஜின் கெட்டது என் கையால. என் தம்பி பேரு கெட்டது உன் வாயால. பிரிச்சுப் பாத்தியா நீ? பாக்கறேன்னு இவரு வந்து நின்னப்போ வுட்டியா? ஒரு நட்டக்கூடக் கழட்டாம திருடன்னு சொன்னியே, அந்தப் பால் சொசைட்டிக்கு வா. காலைல, கேன் வரிசைல. நான் என் தப்ப சொல்றேன். நீ உன் தப்ப சொல்லு."

"நான் எதுக்குடி சொல்லணும்? என் வண்டி வீணாப்போச்சு, நான் மன்னிப்பு கேக்கணுமா?"

"அப்ப வண்டி இப்படியே கெடக்கும். கொண்டுபோ. மூட்டைல கட்டிக் குடுக்கறேன், இரும்பு வெலைக்குப் போடு. மழை பேயும், ஊரு வெதைக்கும். நீ உன் பையன் வூட்டு வாசல்ல போய் நின்னு வண்டி கேளு."

இந்தக் கடைசி வார்த்தை அவனைச் சுட்டது. பையனும் அவனும் பேசிக்கொள்வதில்லை என்று ஊருக்கே தெரியும். தசரதன் பக்கம் திரும்பினான். "இன்னா தசரதா, பொம்பளைய பேச வுட்டுட்டு..."

"அவ சொல்றதுதாங்க" என்றான் தசரதன். "நான் ஸ்பேனரத் தொட மாட்டேன்."

சுப்பிரமணி போய்விட்டான். எட்டு நாள் வரவில்லை. ஒன்பதாவது நாள் ராத்திரி நல்ல மழை. விடிந்ததும் சுப்பிரமணி போன் செய்தான், சொசைட்டிக்கு வருகிறேன் என்று.

மறுநாள் அதிகாலை முதல் பஸ்ஸில் போனோம். நானும் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. பால் சொசைட்டி வாசலில் நாற்பது ஐம்பது பேர் கேனும் தூக்குமாக நின்றார்கள். எல்லம்மாள் போனில் சொல்லியிருந்ததால் புகழேந்தியும் வந்திருந்தான். வரிசைக்குக் கடைசியில், கேன் இல்லாமல், வேற்றூர் ஆள் மாதிரி நின்றான். கை இரண்டும் சோப்பில் ஊறி வெளுத்திருந்தது.

எல்லம்மாள் அட்டையைத் தூக்கிப் பிடித்துச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. "என் தம்பி ஆயில் திருடல. டேப்பட்ட எடம் மாத்தி வச்சது நான். கை என்னுது." அப்படிச் சொல்லும்போது கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள். ஒரு மூச்சு நேரம் இருக்கும். நான் பக்கத்தில் இருந்தவன் பால் கேனைப் பார்த்தேன்.

சுப்பிரமணி தரையைப் பார்த்துக்கொண்டு முனகினான். "கேக்கல" என்றாள் அவள். மறுபடி சொன்னான். "கேக்கலங்க" என்றாள் வரிசையில் இருந்த ஒரு கிழவியும். மூன்றாவது தடவை ஊருக்கே கேட்டது: "புகழேந்தி திருடன் இல்ல. நான் பிரிச்சுப் பாக்காம சொல்லிட்டேன்." அவன் முகம் கறுத்துப்போனதைக் கண் குளிரப் பார்த்தேன். அந்த நிமிடம் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

எல்லம்மாள் தம்பியிடம் போய் இரண்டு கையையும் நீட்டினாள். "இந்தக் கை புழுக்கணும்னு நானே சொன்னேன்டா."

புகழேந்தி அந்தக் கையைத் தொடவில்லை. "மூணு வருசமா அந்தச் சத்தம்தான்க்கா காதுல" என்றான். "தட்டுக் கழுவறப்பகூட. எங்க தப்பு பண்ணேன், எந்த கியர்ல தப்பா இழுத்தேன்னு யோசிச்சிக்கினே இருந்தேன். நானே கெடுத்துட்டேன்னு நம்பிட்டேன்." அட்டையிலிருந்து கீறல் விழுந்த டேப்பட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "எட்டரைக்குக் கடை தொறக்கணும்" என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். இன்றுவரை அக்காள் வீட்டுக்கு வரவில்லை. எல்லம்மாள் தினமும் போன் போடுகிறாள். முழுக்க அடித்து நிற்கிறது.

தசரதன் புதுக் கேமும் புது டேப்பட் எட்டும் போட்டு வண்டியை முடித்துக் கொடுத்தான். சுப்பிரமணி மணிலா விதைத்துவிட்டான். நன்றாகவும் முளைத்திருக்கிறதாம், நாசமாகப் போக.

வண்டி போன அன்று மத்தியானம், இத்தனை நாளுக்குப் பிறகு எல்லம்மாள் என் கடைக்கு வந்தாள். கையில் கிண்ணம் இருக்கும் என்று நினைத்து எழுந்தேன். முட்டை அட்டை இருந்தது. காலி அட்டை. அதில் இரண்டு குழியை மட்டும் கரிக்கட்டையால் கருப்பாக வட்டம் போட்டிருந்தாள். இரண்டு, ஐந்து.

"என் கை எடுத்தது எந்த மூணுன்னு எனக்கு ஞாபகம் கீது அண்ணே" என்றாள். "இத நீ வச்சிக்க."

"எல்லம்மா, நான் வந்து..."

"அன்னிக்கு சொல்லியிருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அட்டை என் கம்ப்ரஸர் மேல் இருக்கிறது. தூக்கிப்போடத் தைரியம் இல்லை. தசரதன் ஒரு நாள் வந்து, "இது ஏண்ணே இங்க கீது?" என்று கேட்டான். பக்கத்தில், கொட்டகை வாசலில், எல்லம்மாள் எதையோ டீசலில் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"முட்டை வாங்கினேன்பா" என்றேன்.

அவள் தலையைக் குனிந்து மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.